கறுத்த பழத்துக்கு நாற்பது மதிப்பெண்

மினசோட்டாவின் வடக்கே, ஏரி உறைந்து கிடக்கும் ஜனவரியில், அந்தக் கல்லூரி ஆண்டுதோறும் பசி வாரம் கொண்டாடியது. கொண்டாடியது என்பதுதான் சரியான சொல். பலூன் எல்லாம் உண்டு. கடைசி நாள் ஒரு சமையல் போட்டி. இரண்டு டாலருக்குள் ஒரு வேளைச் சாப்பாடு சமைத்து, அதன் பின்னால் இருக்கும் கதையை மேடையில் சொல்ல வேண்டும். ருசிக்குப் பத்து மதிப்பெண், கதைக்கு நாற்பது. முதல் பரிசு, கோடை விடுமுறை வரை கல்லூரி உணவகத்தில் மூன்று வேளையும் சாப்பிட ஒரு கார்டு.

கார்பினுக்கு அந்தக் கார்டு வேண்டும். அறை வாடகை கொடுத்ததோடு அவன் கை காலியாகிவிட்டது. ஊர் மளிகைக் கடையின் பின்மூலையில், தோல் கறுத்துச் சாராய வாடை வீசும் வாழைப்பழங்களைத் தள்ளுவண்டியில் கழிவு விலைக்குப் போட்டிருப்பார்கள். இலையுதிர் காலம் தொடங்கி அவன் உடம்பில் பாதி அந்தப் பழம்தான். முள்கரண்டியால் மசித்து, ஒரு முட்டை உடைத்து ஊற்றி, இரண்டு பிடி மாவும் சிட்டிகை உப்பும் சேர்த்து, தீயைத் தணித்து வார்த்தால் பான்கேக். தீ கொஞ்சம் கூடினாலும் பழத்தின் சர்க்கரை கருகிக் கசந்துவிடும்.

இதையெல்லாம் அறைத்தோழன் ப்ரெஸ்டனிடம் ஒருநாள் சொல்லித் தொலைத்திருந்தான். ப்ரெஸ்டனின் அப்பாவுக்கு மூன்று கார் ஷோரூம். உணவகக் கார்டு அவனிடம் ஏற்கெனவே இருந்தது. அங்கே சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை என்று வெளியே சாப்பிடுவான்.

போட்டிக்கு முந்தின நாள் ப்ரெஸ்டன் மஞ்சள் மஞ்சளாக ஒரு சீப்புப் பழம் வாங்கிவந்து ஓவனுக்குள் வைத்தான்.

"டேய், எவ்ளோ நேரம் வெச்சா ஏழைப் பழம் மாதிரி கறுக்கும்?"

"கறுத்ததும் எடுத்துடு. நீயுமா பேர் குடுத்திருக்க? உனக்கு எதுக்குடா கார்டு?"

"கார்டு எவனுக்கு வேணும் மச்சி? சட்டக் கல்லூரிக்கு அப்ளிகேஷன் போடுறப்ப, பசியை ஜெயிச்சவன்னு எழுதிக்கலாம்ல. ஆமா, உன்னோட அந்தக் கிழிஞ்ச ஸ்வெட்டர நாளைக்குக் குடு."

கார்பின் கொடுத்தான்.

மேடையில் முதலில் ப்ரெஸ்டன். கறுத்த பழம் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "என்னை வளர்த்தது இந்தப் பழந்தாங்க," என்றான். பின்மூலைத் தள்ளுவண்டி வந்தது. சாராய வாடை வந்தது. மாவுப் பையைக் கவிழ்த்துத் தட்டித் தட்டி எடுத்தது வந்தது. எல்லாம் கார்பினுடையவை. கார்பின் சொன்னபோது எங்கேயும் தொண்டை அடைக்கவில்லை. ப்ரெஸ்டனுக்குச் சரியான இடத்தில் அடைத்தது. கதை நல்ல கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நடுவராக இருந்த டீன் ஹோல்ம் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து கார்பின். அதே கறுத்த பழம், அதே பான்கேக். தன் கதையைச் சொன்னால் காப்பியடித்தான் என்பார்கள். திருடிவிட்டான் என்று சொன்னால், அழுதுகொண்டிருக்கும் அரங்கம் அவனைத்தான் அடிக்கும். வாயைத் திறந்தான். மிச்சமிருந்த ஒரே கதைதான் வந்தது.

"எங்கப்பாவுக்கு மூணு கார் ஷோரூம் இருக்கு," என்றான். "சும்மா... ஜாலிக்குச் செஞ்சு பாத்தேன்."

டீன் பான்கேக்கை ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்தார்.

"ருசிக்குப் பத்துக்குப் பத்து தம்பி. ஆனா வறுமை விளையாட்டுச் சாமான் இல்லப்பா." கதைக்கு முட்டை போட்டார். "மிச்சம் இருக்கற மாவு, முட்டை எல்லாத்தையும் அந்த நன்கொடைப் பெட்டியில போட்டுடு. இல்லாத பிள்ளைக்குப் போகட்டும்."

பகுதிநேர வேலையின் அடுத்த சம்பளம் வரை கார்பினிடம் இருந்த சாப்பாடு அவ்வளவுதான். அரங்கமே பார்த்துக்கொண்டிருந்தது. போட்டான். அன்று அவனுக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதற்குத்தான்.

"கார்டோட இந்தப் பெட்டியும் நம்ம ப்ரெஸ்டனுக்கே!" என்று அறிவித்தார் டீன்.

ப்ரெஸ்டன் பெட்டியை அசைத்துப் பார்த்தான். "கனமா இருக்குடா. கார் வரைக்கும் ஒரு பக்கம் பிடி, பணக்காரா."

"டேய், அந்த முட்டையையாவது..." என்றான் கார்பின் மெதுவாக.

"எங்க வீட்டு நாய்க்கு முட்டைன்னா உயிருடா. சிரி, டீன் பாக்குறாங்க."

கார்பின் சிரித்துக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தான். டீன் ஓடிவந்து இருவருக்கும் கதவைத் திறந்துவிட்டார்.