வைத்தியச்சிக்கு எதுக்குப் பலம்?

"வைத்தியச்சிக்கு எதுக்குங்க இவ்வளவு பலம்?" என்று ஆட்டத்தின் நடுவே அவள் ஒருமுறை கணவரிடம் கேட்டிருந்தாள்.

"இருக்கட்டும்."

"மருந்து போடறவளுக்குத் தோள் வலு எதுக்கு? புள்ளியை அறிவுல போட்டாலாவது காயத்தை இன்னும் சீக்கிரம் ஆத்துவேன்."

"எங்க போடட்டும்னு கேட்டப்ப என்ன சொன்ன? உங்க இஷ்டம்னு சொன்னல்ல? இதுதான் என் இஷ்டம்."

அதை நினைத்தபடியே, பாயில் கிடத்தியிருந்த அவர் உடம்பில் வெள்ளைச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தவள், கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, மறுபடி கழற்றிவிட்டாள். லிஃப்ட் வேலைக்குப் போகிற மனிதர். கழுத்தை இறுக்கிக்கொண்டு ஒருநாளும் வெளியே கிளம்பியதில்லை.

கூடத்தில் புழுக்கமாக இருந்தது. வந்தவர்களுக்குக் காற்று வரட்டும் என்று அவருடைய அண்ணன் எங்கிருந்தோ ஒரு ஸ்டாண்டு மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூலையில் கம்ப்யூட்டர் மேசை. அதன்மேல் யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். அதற்குப் பின்னால்தான் பிளக் இருந்தது. அண்ணன் குனிந்து கம்ப்யூட்டர் ஒயரைப் பிடித்தார்.

"மாமா, அதை மட்டும் பிடுங்கிடாதீங்க."

காலையிலிருந்து அவள் யாரிடமும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசியிருக்கவில்லை. அண்ணன் திகைத்துப்போய்க் கையை எடுத்துவிட்டார். துக்கத்தில் என்னவோ சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். நாத்தனார்தான் புரிந்துகொண்டு, சமையலறையிலிருந்து நீள ஒயர் போட்ட பெட்டியைக் கொண்டுவந்து விசிறியை வேறிடத்தில் மாட்டினாள். போகிற போக்கில் போர்வையை விலக்கி, கம்ப்யூட்டர் பெட்டி சூடாகிவிட்டதா என்று தொட்டும் பார்த்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் அணைக்கப்படவே இல்லை. அதில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தில், கோட்டையின் கடைசி மாடியில் இருக்கும்போது சேமித்துவைக்க முடியாது. கடைசிக் கதவைத் தாண்டினால்தான் சேமிக்க விடும். கரண்டைப் பிடுங்கினால் அந்த மாடியில் அவர் விளையாடியது அத்தனையும் இல்லாமல் போய்விடும்.

ஞாயிறு மாலை என்றால் அந்த வீட்டில் அதுதான். நாலு பேர் கொண்ட ஒரு குழு, பழைய கோட்டைக்குள் மாடி மாடியாக ஏற வேண்டும். அவர் கேடயக்காரர், குழுவுக்கு முன்னால் நின்று அடி வாங்குகிறவர். மகள் வில்லாளி. நாத்தனார் பூட்டு உடைப்பவள். சின்ன வயதில் அண்ணனுடைய அலமாரியைத் திறந்து பழகிய கை என்று அவர் கேலி செய்வார். இவள் வைத்தியச்சி. நிஜத்தில் இவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஊசி குத்துகிறவள். அதனால் ஆட்டத்தில் 'டாக்டரம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்.

மவுஸ் எப்போதும் அவர் கையில். ஆனால் ஒரு சட்டம் உண்டு. சண்டையில் ஜெயித்தால் கிடைக்கிற புள்ளியை, பலத்தில் போடுவதா, அறிவில் போடுவதா, வேகத்தில் போடுவதா என்பதை அந்தந்த ஆள்தான் சொல்ல வேண்டும். கேட்காமல் அவர் போட மாட்டார். மற்ற இருவரும் சண்டை பிடித்துச் சொல்வார்கள். இவள் மட்டும் "உங்க இஷ்டம்" என்பாள்.

அவர் பலத்தில் போடுவார். மகள் தலையில் அடித்துக்கொள்வாள். "அப்பா, ஒரு வைத்தியச்சியை இப்படி வீணாக்கறது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

பதினொரு மணி வாக்கில் அவரிடம் லிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து வந்தார்கள். எல்லோரும் வேலைச் சட்டையிலேயே வந்திருந்தார்கள். அவர்களில் உயரமானவனை ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"எனக்கு உயரம்னாலே பயம் அக்கா," என்றான். "லிஃப்ட் கிணத்துல எட்டிப் பாத்தாலே கால் நடுங்கும். இவனை ஸ்டோருக்கு மாத்திடுங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அண்ணன் கேக்கல. முதல்ல கீழ்க்குழியில வேலை குடுத்தாரு. அப்புறம் ஒவ்வொரு மாடியா ஏத்தினாரு. இப்ப உச்சியில மோட்டார் ரூம் என் பொறுப்பு."

பக்கத்தில் இருந்தவன், "பயந்தவன்தான் பெல்ட்டை ஒழுங்கா மாட்டுவான்னு சொல்வாரு," என்றான். இருவரும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கூச்சப்பட்டார்கள்.

அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. இதே மனிதர்தான் மூலையிலிருந்த அந்த மேசையிலும் உட்கார்ந்திருந்தார். ஆரம்பத்தில் நாத்தனார் தொட்ட கண்ணி எல்லாம் வெடித்து எல்லோரும் கூண்டோடு செத்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கழற்றிவிட்டு, சத்திரத்தில் கூலிக்குக் கிடைக்கிற வாள்வீரனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மகள் நச்சரித்தாள். "உங்க அத்தையை விட்டுட்டுப் போய் ஜெயிச்சு, அதை வீட்டுல யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டுவிட்டு, அவர் சின்னச் சின்னப் பூட்டாகத் தேடிப் பிடித்து அவளுக்குப் பழக்கினார். இப்போது அவள் கை வைத்தால் திறக்காத கதவு அந்தக் கோட்டையில் இல்லை.

வைத்தியச்சிக்கும் ஒரு ஆசை இருந்தது. முதல் நாளே அவர் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தினார். "நீ விழுந்தா யாரும் எழுந்திருக்க முடியாது. அதனால என் பின்னாடி நில்லு." நியாயமான கணக்குதான். ஆனால் இத்தனை வருஷமும் திரையில் அவள் பார்த்தது அவருடைய முதுகை. ஒரு கதவாவது திறக்கும்போது தான் முன்னால் நிற்க வேண்டும் என்று இருந்தது. கேட்டால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். கேட்டிருந்தால் உடனே ஒதுங்கி வழி விட்டிருப்பார். அதனாலேயே கேட்கவில்லை.

போன ஞாயிறு, கடைசிக் கதவுக்கு முந்தின அறையில் கேடயக்காரர் விழுந்துவிட்டார். அந்த மாடியில் விழுந்தவரை எழுப்ப முடியாது. நாத்தனார், "அண்ணன் அவுட்டு, எழுந்து போய் டீ போடு," என்றாள். அவர் சிரித்துக்கொண்டே மீதி மூவரை வைத்து அந்த அறையை முடித்தார். டாக்டரம்மாவுக்குப் புள்ளிகள் வந்தன.

"டாக்டரம்மா, எங்க போடட்டும்?"

அன்றைக்கு அவள் 'உங்க இஷ்டம்' என்று சொல்லப்போவதில்லை. வாயைத் திறந்துவிட்டாள். அதற்குள் அவருடைய கை மவுஸிலிருந்து நெஞ்சுக்குப் போனது. பிறகு ஆஸ்பத்திரி. அங்கிருந்து அவர் நேற்று இப்படித்தான் வீட்டுக்கு வந்தார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வாடகை நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கிளம்பும் முன் அவளிடம் மெதுவாகச் சொன்னார். மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் வந்துபோகிறாள், தங்கைக்கும் குடும்பம் இருக்கிறது, தனியாக இந்த வீட்டில் எதற்கு, பூட்டிவிட்டுத் தன் வீட்டுக்கு வந்துவிடட்டும், முன்னால் நிற்க ஒரு ஆள் வேண்டாமா என்றார். அவருடைய கண்ணும் சிவந்துதான் இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

மற்றவர்கள் போனபின் மூன்று பெண்களும் தனியாக இருந்தபோது நாத்தனார் போர்வையை எடுத்தாள். "ஒரு தடவை பாத்துட்டு அணைச்சிடலாமா அண்ணி?"

மகள் திரையைப் போட்டாள். அப்பாவின் நாற்காலியில் உட்காராமல் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்று உருவங்கள் கடைசிக் கதவின் முன் மூச்சு விட்டுக்கொண்டு நின்றன. முதல் வரிசை காலியாக இருந்தது.

"யாரும்மா முன்னாடி நிக்கறது? நான் வேணா வில்லை வெச்சுட்டு நிக்கவா?"

"நீ நில்லு. நான் ஓடி ஒளியறவ," என்றாள் நாத்தனார். "என்னை நிறுத்தினா கதவு முழுசாத் திறக்கறதுக்குள்ள கதை முடிஞ்சிடும்."

விழுந்தவருடைய கேடயம் குழுவின் பையில் கிடந்தது. மகள் அதை எடுத்து வில்லாளியின் கையில் வைத்தாள். திரை சிவந்து, பலம் போதாது என்றது. அத்தையிடம் வைத்தாள். அதே சிவப்பு. ஒரு கணம் தயங்கிவிட்டு வைத்தியச்சியிடம் கொண்டுபோனாள்.

கேடயம் அவள் கையில் பொருந்தி உட்கார்ந்தது.

மகள் அம்மாவுடைய பலத்தின் எண்ணைப் பார்த்தாள், அப்பாவின் உருவத்துக்கு இருந்த எண்ணைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"படுபாவி," என்றாள் நாத்தனார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வீணாக்கறான் வீணாக்கறான்னு எத்தனை ஞாயித்துக்கிழமை திட்டியிருக்கேன்."

மகள் திரும்பாமலே கேட்டாள். குரல் அவரைப் போலவே இருந்தது.

"அந்தப் புள்ளி எல்லாம் அப்படியே இருக்கும்மா. எங்க போடட்டும்?"

அவள் அவருடைய நாற்காலியை இழுத்தாள். அதன் ஒரு சக்கரம் எப்போதும்போல் சிக்கி, பிறகு உருண்டது. உட்கார்ந்தாள்.

"புள்ளியை அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள். "முதல்ல என்னை முன்னாடி நிறுத்து."