சத்தம் போடாத பிள்ளை

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை வீறிட்டால் செத்சுயோவின் தூக்கம் போச்சு. விடியுமுன்னே எழுந்து, டப்பாச் சாப்பாடு கட்டும் ஆலையில் சோறும் பொரித்த மீனும் அடுக்கி அடுக்கிக் கை மரத்துப்போய், மதியம் வந்து படுப்பவள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அந்தத் தூக்கம் ஒன்றுதான் சுகம். அதற்கும் பக்கத்து வீட்டு ஹொரியுச்சியின் மகள் உலை வைத்தாள்.

நேரே போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். ஜப்பானில், இந்தச் செண்டாய் நகரத்தில் யார் அப்படித் தட்டுகிறார்கள்? கட்டட நிர்வாகத்துக்குப் போன் போட்டால் போதும், யார் சொன்னது என்று வெளியே வராது. ஊரார் செய்வதையே அவளும் செய்தாள். மறுநாள் எல்லா வீட்டுத் தபால் பெட்டியிலும் ஒரே அறிவிப்பு: பிற்பகலில் குழந்தைச் சத்தம் பற்றிப் புகார் வந்துள்ளது, தயவுசெய்து கவனிக்கவும். அந்தத் தளத்தில் இருந்ததே ஒரு குழந்தைதான்.

அந்த வாரமே ஹொரியுச்சி இனிப்புப் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் மகள் சுசுனா, ஐந்து வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே எல்லாம் முகக்கவசம்.

"ரொம்ப தொந்தரவு குடுத்துட்டோம். இவளோட புது அப்பா வேலை போயி வீட்டுலதான் இருக்காரு. அவருக்கும் சத்தம் ஆகாது. இனிமே கேக்காதுங்க. அவரே பழக்கிட்டாரு."

சுசுனா இடுப்பு வளையக் குனிந்தாள். "சத்தம் போட்டதுக்கு மன்னிச்சிடுங்க."

"அட, இதெல்லாம் எதுக்கும்மா!" செத்சுயோ கூச்சத்தோடு பெட்டியைப் பிரித்து ஒரு இனிப்பை நீட்டினாள். "இந்தா கண்ணு, நீ ஒண்ணு தின்னு."

குழந்தையின் கை முகக்கவசம் வரை போனது. அம்மா அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். "சளி. கழட்டக் கூடாது." இழுத்த வேகத்தில் சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டைச் சுற்றிக் கருநீலமாக ஒரு தடம், கயிறு கட்டினால் விழுமே, அப்படி. "படிக்கட்டுல விழுந்துட்டா," என்றாள் அம்மா. யாரும் கேட்கவே இல்லை.

செத்சுயோ பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு, "பாத்து நடக்கணும் கண்ணு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அடப் பாவி மனுஷி!

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. முதல் சில நாள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். பிறகு அந்த அமைதியே அவளை எழுப்பத் தொடங்கியது. ஐந்து வயதுப் பிள்ளை ஓடாதா, எதையாவது கீழே போடாதா, சிரிக்காதா? சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். டி.வி. சத்தம் மட்டும் கேட்டது.

ஆலையில் கூட வேலை பார்க்கும் ஒகுமுராவிடம் சொன்னாள்.

"சும்மா இரு அக்கா. ஒருவேளை நெசமாவே விழுந்திருந்தா? ஒரே சுவரு. நாளைக்கு லிஃப்ட்ல மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவ?"

"சந்தேகம் இருந்தாலே குழந்தைப் பாதுகாப்பு ஆபீஸுக்குப் போன் பண்ணலாமாம். பஸ்ல எழுதியிருக்கு."

"பஸ்ல முடி கொட்டாதுன்னுகூடத்தான் எழுதியிருக்கு. மீன அடுக்குக்கா."

செத்சுயோ மீனை அடுக்கினாள்.

பனி கொட்டிய ஒரு பிற்பகலில், உலரப்போட்ட துணியை எடுக்கப் பால்கனிக்குப் போனாள். இரண்டு வீட்டுப் பால்கனிகளுக்கும் நடுவே மெல்லிய தடுப்புப் பலகை. தீப்பிடித்தால் உடைத்துத் தப்பவும் என்று அதில் எழுதியிருக்கும். பலகைக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. அதில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. செருப்பில்லை. விரல்கள் சிவப்பையும் தாண்டி வெளுத்துப்போயிருந்தன.

செத்சுயோ எடுத்த துணியோடு பலகையருகே போனாள். குனிந்து மெதுவாகக் கூப்பிட்டாள். "சுசுனா? இங்க என்னடா பண்றே?"

பாதங்கள் பின்னால் நகர்ந்தன. மூச்சுக் காற்று போல ஒரு குரல் வந்தது.

"நான் சத்தம் போடலை அத்தை. நீங்க தூங்குங்க."

கையிலிருந்த துணியெல்லாம் பனியில் விழுந்தது. போனை எடுத்தாள். பஸ்ஸில் பார்த்துப் பார்த்து அந்த எண் மனப்பாடமாகியிருந்தது.

"குழந்தை பால்கனியில, பனியில நிக்குது. கையில கட்டுன தடம் இருக்கு. எனக்கு உறுதியாத் தெரியாது, ஆனா…"

"சந்தேகமே போதும்மா. முகவரி சொல்லுங்க." சொன்னாள். "இப்ப குழந்தை அழுற சத்தம் கேக்குதா?"

"கேக்கலைங்க. கேக்காததாலதான் கூப்பிடறேன்."

"போலீஸும் ஆம்புலன்ஸும் வருது. போனை வெச்சிடாதீங்க."

செத்சுயோ மறுபடி குனிந்து பார்த்தாள். பாதங்கள் நின்ற இடத்தில் இப்போது ஒரு கன்னம் தரையில் கிடந்தது. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. முகக்கவசம் அன்று மறைத்தது சளியை அல்ல.

தீ எங்கேயும் பிடிக்கவில்லை. பலகையை ஓங்கி உதைத்தாள். இரண்டாவது உதையில் அது கட்டடமே அதிரப் பிளந்தது. மெல்லிய பாவாடையோடு கிடந்த பிள்ளையை வாரிக்கொண்டு உள்ளே வந்து கண்ணாடிக் கதவைப் பூட்டினாள்.

சத்தத்தில் எழுந்த அந்தப் புது அப்பன் உடைந்த பலகை வழியாக வந்து கண்ணாடியைக் குத்தினான். "யாருடி நீ? எங்க வீட்டுப் புள்ளைய வெளிய விடு!"

"நான்தாண்டா பக்கத்து வீடு! நான்தான் புகார் குடுத்தேன்! இப்பவும் நான்தான் குடுத்திருக்கேன்!" அந்தக் கட்டடத்தில் யாரும் அப்படிக் கத்தியதில்லை. மேல் தளத்தில் கதவுகள் திறந்தன.

மடியில் கண் விழித்த சுசுனா, சில்லிட்ட கையைத் தூக்கிச் செத்சுயோவின் வாயைப் பொத்தினாள்.

போலீஸ் வந்து அந்த ஆளைப் பிடித்துக்கொள்ள, ஆம்புலன்ஸ்காரர்கள் சுசுனாவைப் படுக்கையில் கிடத்தி ஊசியை எடுத்தார்கள். ஊசி ஏறும்போது சுசுனா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"அழுடா தங்கம்," என்றாள் செத்சுயோ. "வாய் விட்டு அழு. அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

குழந்தை கையை எடுக்கவில்லை. அங்கே கேட்டதெல்லாம் செத்சுயோவின் அழுகைதான்.