அகலத்திரையில் அக்கா

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் அவருடைய வேலை. ஐம்பதைத் தாண்டிய, கல்யாணம் செய்துகொள்ளாத ஒருவருக்கு அது வசதியான வேலைதான், வீட்டை விட்டு நகர வேண்டியதில்லை. நாள் முழுக்க யார் யாருடைய குரலோ காதில் ஓடும். தன் குரலை மட்டும் அவர் காலையில் பால் கடையில் கேட்பார், "ஒரு பாக்கெட்" என்று சொல்லும்போது.

கம்ப்யூட்டர் பழசு. அது தத்தளிக்க ஆரம்பித்தபோது ரிப்பேர் கடைக்காரர் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். "பைசா செலவில்ல சார். உலகம் பூரா யார் யாரோ உக்காந்து சும்மாவே எழுதிக் குடுக்கறாங்க" என்றார். கொஞ்ச நாளில் சதுர மானிட்டரும் போய்விட, அதே கடையிலிருந்து ஓர் அகல மானிட்டர் வந்தது. யாரோ பயன்படுத்திக் கழித்தது. மாட்டியதும் எல்லாம் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிந்தது. மூலையில் இருந்த கடிகாரம் முட்டை வடிவமாகிவிட்டது. எழுத்துகள் காலை அகட்டி நின்றன. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், பழைய சதுரத் திரையின் அளவுக்கு மேல் எதுவும் இல்லை. படிக்க முடிகிறதே, போதும் என்று விட்டுவிட்டார். கண்ணும் பழகிப்போனது.

ஞாயிறுதோறும் அக்கா அந்தத் திரையில் வருவாள். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாமா போன பிறகு வேறொரு ஊரில் தனியாக இருந்தாள். ஒரு பகல் பயண தூரம். அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார்: "கன்னம் நல்லா உப்பிடுச்சுக்கா உனக்கு. சாப்பாட்டுல குறை வைக்கல போல."

அக்கா திரையை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். "ஆமாண்டா. இன்னும் கொஞ்சம் போனா வாசக்கதவைப் பெரிசாக்கணும்."

அவருக்கு அதில் ஒரு நிம்மதி. அப்புறம் ஒரு வாரம் அவளைப் பற்றி நினைக்கவே தேவையிருக்காது.

வேலை கொடுக்கும் ஆபீஸ் தன் வலைப்பக்கத்தைப் புதிதாக மாற்றியது. தட்டச்சு செய்து முடித்ததை அனுப்பப் போனால் அனுப்பும் பொத்தானே இல்லை. போன் செய்தார்.

"வலது பக்கம் பாருங்க சார், பச்சையா இருக்கும்" என்றாள் ஆபீஸ் பெண்.

"வலது பக்கம் சுவருதாம்மா இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் தெரியுது சார். உங்க ஸ்கிரீன்தான் சின்ன அளவுல நிக்குது. சரி பண்ணிட்டு அனுப்புங்க."

ரிப்பேர் கடையைத் தேடிப் போனார். அங்கே இப்போது செருப்பு விற்றார்கள். திரும்பி வந்து, லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் தமிழில் பேசிக்கொள்ளும் ஓர் இணைய மன்றத்தில் சேர்ந்தார். புனைபெயர் கேட்டது. அவருடைய ஹெட்போனில் ஒரு பக்கம் மட்டும்தான் கேட்கும். 'ஒத்தக்காது' என்று போட்டுக்கொண்டு தன் கஷ்டத்தை எழுதினார்.

டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. எழுதியவருக்குப் பெயர் 'மரங்கொத்தி'.

"மானிட்டரோட கேபிளைக் கழட்டி முனையைப் பாருங்க. ஊசி ஏதாவது உடைஞ்சிருக்கா?"

பார்த்தார். ஒன்று முறிந்திருந்தது.

"அதான் விஷயம். மானிட்டர் 'நான் இவ்வளவு அகலம்'னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற வழி அது. சேதி போகாததால கம்ப்யூட்டர் குத்துமதிப்பா ஓட்டுது. புது கேபிள் கிடைச்சா நல்லது. கிடைக்கற வரைக்கும் நாமளே அளவைச் சொல்லிடலாம்."

கட்டளைகள் வரிசையாக வந்தன. டெர்மினல் என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றையும் எழுத்துப் பிசகாமல் அடித்தார். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடைசிக் கட்டளைக்கு முன்னால் மரங்கொத்தி எச்சரித்திருந்தார்: "ஸ்கிரீன் இருட்டானா பதறாதீங்க. கொஞ்ச நேரத்துல தானா பழைய அளவுக்கே வர்ற மாதிரி எழுதியிருக்கேன்."

இருட்டானது. கறுப்புக் கண்ணாடியில் தன் முகமே தெரிய, அவர் பதறத்தான் செய்தார். பிறகு பழைய அகட்டிய எழுத்துகள் திரும்பி வந்தன.

"அப்ப கேபிளுக்கு, படத்தை அனுப்பற அந்த வேகம் தாங்கல. இதைப் போடுங்க, கொஞ்சம் நிதானமான வேகம்."

இந்த முறை திரை ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டுத் தெளிந்தது. எழுத்துகள் மெலிந்து நேராக நின்றன. வலது ஓரத்தில் பச்சைப் பொத்தான். ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைப் போடும்போதும் அதே அளவு வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் மரங்கொத்தி சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு அவர் நன்றி எழுதினார். அப்புறம், இன்னும் ஏதாவது பேசலாமே என்று, "நீங்க எந்த ஊருங்க? என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். பதில் வரவில்லை. சற்று நேரம் கழித்துப் பார்த்தபோது, அந்த உரையாடலின் தலையில் 'தீர்ந்தது' என்று பச்சை முத்திரை விழுந்து பூட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள்.

அவர் வழக்கமானதைச் சொல்ல வாயைத் திறந்தார். கன்ன எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ரவிக்கையின் தோள் சரிந்து கிடந்தது.

"என்னக்கா இப்படி ஆயிட்டே?"

"எப்படி ஆயிட்டேன்?"

"பாதி ஆளாயிட்டியே! போன வாரம் நல்லாத்தானே இருந்தே!"

"போன வாரமும் இப்படித்தான்டா இருந்தேன். போன வருஷம்தான் எடை இறங்க ஆரம்பிச்சுது."

அவர் மானிட்டர், கேபிள், ஊசி எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நெஜமாவே உனக்கு நான் குண்டாத்தான் தெரிஞ்சேனா?"

"பின்னே?"

"இல்ல... நான் இளைச்சுக்கிட்டே போறதப் பாத்து, நான் பயந்துடக் கூடாதுன்னு நீ பொய் சொல்றேன்னு நெனச்சேன். நம்ம தம்பிக்கும் இந்த நாசூக்கெல்லாம் வருதேன்னு நானும் கூடவே சிரிச்சு வச்சேன்."

அன்று காலைதான் 'காரணமின்றி எடை குறைதல், கை நடுக்கம்' என்று யாரோ ஒரு நோயாளியைப் பற்றி அடித்து அனுப்பியிருந்தார்.

மறுநாள் பஸ் ஏறினார். கதவைத் திறந்த அக்காவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அடுப்படியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், பாதி பிரித்த ரொட்டிப் பொட்டலம். டாக்டரிடம் அழைத்துப் போனார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில், தைராய்டு தறிகெட்டு ஓடுகிறது, மாத்திரையில் கட்டுப்படும் என்று தெரிந்தது. அவர் அங்கேயே தங்கிச் சமைத்துப் போட்டார். நடுக்கம் அடங்கியது. அக்கா உப்பு போதவில்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறினாள்.

"என்கூட வந்துடேன்க்கா" என்றார் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம்.

"உன் வீட்டுல நீ காதுல எதையோ மாட்டிக்கிட்டு நாளெல்லாம் சுவத்தைப் பாத்து உக்காந்திருப்பே. இங்க நானாவது எனக்குள்ள பேசிக்கறேன்."

"அப்ப நான் இங்க வரட்டுமா?"

அக்கா மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். "மாமா இருந்தப்பவே எனக்கு ஒரு ஆள் அதிகம்டா" என்றாள். சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். இரண்டு பேருமே சிரித்தார்கள். ஆனால் அவர் மறுபடி கேட்கவில்லை.

பஸ் நிலையத்துக்கு அவளும் வந்தாள். அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கீழே நின்றபடி, "மேல பை பத்திரம்", "இறங்கினதும் போன் பண்ணு" என்று ஏற்கெனவே சொன்னதையே சொன்னாள். "இரு, தண்ணி வாங்கிட்டு வரேன்" என்று கடைப் பக்கம் நடந்தாள். அவள் திரும்புவதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். அவர் எழுந்து, "தண்ணி வாங்கப் போயிருக்காங்க" என்று கத்திப் பார்த்தார். கண்டக்டர், "அடுத்த ஸ்டாப்ல கிடைக்கும் சார், உக்காருங்க" என்றார்.

போன் செய்தார்.

"பஸ் போயிடுச்சா?" என்றாள் அக்கா.

"போயிடுச்சுக்கா."

"சரி விடு. நானே குடிச்சுக்கறேன்."

மூடியைத் திருகும் சத்தமும் அவள் குடிக்கும் சத்தமும் ஒற்றைக் காதில் கேட்டன. குடித்து முடித்து, "வைக்கறேன்" என்றாள். அவர் போனைப் பையில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டார். வண்டி ஊரைத் தாண்டி வேகம் எடுத்தது.