படகில் ஏறாதவன்

ஹாலந்தில் வரி அலுவலகத்துக் கடிதம் நீல உறையில்தான் வரும். அந்த நிறத்தைக் கண்டால் அந்த ஊர்க்காரர்கள் இரண்டு நாளாவது பிரிக்காமல் மேசையில் போட்டு வைப்பார்கள். நான் வேல்ஸ்காரன், அவ்வளவு விவரம் போதாது. நான் தங்கியிருந்த கேரவன் வண்டியின் வாசலில் நின்றபடியே கிழித்துவிட்டேன்.

முப்பத்தாறாயிரத்து நானூறு யூரோ. கட்ட ஆறு வாரம் தவணை. அவ்வளவு பணம் தேறுகிற பொருள் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எங்கள் ஊரான மில்ஃபர்ட் ஹேவனில் நானும் என் மனைவி நெரிஸும் பன்னிரண்டு வருடமாகக் கடன் அடைத்துக்கொண்டிருந்த வீடு.

நான் பைப் ஃபிட்டர். ரோட்டர்டாம் பக்கம் ஒரு எண்ணெய் ஆலையில் இருபது மாத ஒப்பந்தம். எங்களைப் போன்றவர்களை ஆலை நேரடியாக வைத்துக்கொள்ளாது. நடுவில் ஒரு சம்பளக் கம்பெனி உண்டு. அது எங்கள் கூலியை மூன்றாக வெட்டும்: கொஞ்சம் சம்பளம், நிறையத் தங்கும் படி, மிச்சம் ஊருக்குப் போய்வரும் படி. படிகளுக்கு வரி கிடையாது. நிபந்தனை ஒன்றுதான். ஊரில் நமக்கு உண்மையாகவே வீடு இருக்க வேண்டும், மாதத்துக்கு இரண்டு வாரக் கடைசியாவது அங்கே போய் இருக்க வேண்டும். போனதற்குச் சாட்சி படகு டிக்கெட்.

இங்கேதான் கெத்தின் வருகிறான். எங்கள் ஊர் வெல்டர். கல்யாணமாகாதவன், அம்மா பையன். வெள்ளிக்கிழமை தவறாமல் வேனை எடுத்துக்கொண்டு ராத்திரிப் படகில் இங்கிலாந்துக் கரையில் உள்ள ஹார்விச் போவான். அங்கிருந்து ஆறு மணி நேரம் ஓட்டினால் ஊர். வேனுக்குள் நாலு பேர் வரை படகில் ஒரே கட்டணம். அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் கேன்டீனில் எழுந்து நின்று சத்தமாகக் கேட்பான்.

"இந்த வாரம் என்கூட வராதவங்க யார் யாருப்பா? பேர் குடுங்க!"

மூன்று பேர் கை தூக்குவோம். டிக்கெட்டில் நாலு பெயர் இருக்கும், படகில் ஒருத்தன் இருப்பான். திங்கட்கிழமை நாலு நகல் சம்பளக் கம்பெனிக்குப் போகும். நாங்கள் சனிக்கிழமை இரட்டைக் கூலிக்கும் ஞாயிற்றுக்கிழமை அதற்கு மேலும் வேலை பார்ப்போம். கணக்கில் அதை வாரநாள் ஓவர்டைம் என்று எழுதிக்கொள்வார்கள். கூலியும் வரும், ஊருக்குப் போன படியும் வரும். கூச்சமே இருந்ததில்லை. பத்து வருடமாக நடக்கிற பழக்கம், எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது.

படகுக் கம்பெனி ஏறினவர்களின் பட்டியலையும் வைத்திருக்கும் என்று எங்களில் ஒரு மடையனுக்கும் தோன்றவில்லை. என் பெயரில் நாற்பத்தைந்து டிக்கெட். நான் ஏறியது பதின்மூன்று தடவை.

சம்பளக் கம்பெனிக்குப் போன் போட்டேன். அதுவரை என்னை 'எம்ரிஸ்' என்று செல்லமாகக் கூப்பிட்ட ஆள் திடீரென்று மரியாதைக்காரன் ஆகிவிட்டான்.

"சார், உங்க கடைசி ரெண்டு மாசச் சம்பளத்தை நிறுத்தி வச்சிருக்கோம்."

"எதுக்கு? வேலை பார்த்தேன்ல?"

"பார்த்தீங்க சார். ஆனா டிக்கெட் குடுத்ததும் நீங்கதான். நாளைக்கு வரி ஆபீஸ் எங்ககிட்ட கேட்டா நாங்க எங்க போறது?"

"யோவ், உங்களுக்குத் தெரியாதா? மாசா மாசம் டிக்கெட்டை அனுப்பு அனுப்புன்னு உயிரை எடுத்தது யாரு?"

"டிக்கெட் அனுப்பச் சொன்னோம் சார். படகுல ஏறாதீங்கன்னு சொல்லலையே."

இந்த வார்த்தைக்கு அவன் பல்லை உடைத்திருக்க வேண்டும். போன் என்பதால் பிழைத்தான்.

கெத்தினுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. அவன்தான் ஒவ்வொரு வாரமும் ஏறியிருக்கிறானே. பீர் வாங்கிக் கொடுத்தபடி ஆறுதல் சொன்னான்.

"மாப்ள, நான் எத்தனை தடவை சொன்னேன், சும்மா வந்து வேன்ல படுத்துத் தூங்குடான்னு?"

"ஒரு தடவைகூட சொல்லல."

"சரி, மனசுக்குள்ள சொன்னேன்."

வரி அலுவலகத்தில் என் கோப்பை வைத்திருந்தவர் திருமதி ஹெஸ்ஸலிங்க். காபி கொடுத்தார், கூடவே ஒரு பிஸ்கட் எடுத்து வைத்துவிட்டு டப்பாவை மூடினார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"முப்பத்திரண்டு வாரக் கடைசி நீங்க படகுல இல்ல. அதுக்காக வீட்டுக்கே போகலைன்னு நான் சொல்ல மாட்டேன். விமானத்துல போயிருக்கலாம், வேற யாராவது கார்ல போயிருக்கலாம்."

"ஆமா. அப்படித்தான் போனேன்," என்றேன். வாய் தானாகச் சொன்னது.

"அப்ப உங்க வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். முப்பத்திரண்டு தேதிக்கும் நேரா உங்க மனைவி தனித்தனியா கையெழுத்துப் போடட்டும். அவங்க சொல்றது நம்புற மாதிரி இருந்தா ஏத்துக்குவோம். இல்லேன்னா ரெண்டு படியும் மொத்தமா சம்பளக் கணக்குல சேரும். முடிவு வர்ற வரைக்கும் ஆறு வாரத் தவணை நிக்கும்."

தேதிகள் அச்சடித்த இரண்டு தாள்களைக் கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை உண்மையாகவே படகில் ஏறினேன். கெத்தின் வேனில் நாலாவது ஆளாக உட்கார்ந்து, வழி நெடுக அந்தத் தாள்களைத் திறக்காமலே வந்தேன். கையெழுத்துதானே, அவள் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கட்டினவள்தானே என்ற திமிர்.

நெரிஸ் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். மகள் கேடியை நீச்சல் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்து பழைய காலண்டர்கள் இரண்டை எடுத்து வந்து சமையலறை மேசையில் விரித்தாள். விஷயத்தை முழுசாகச் சொன்னேன். கேட்டாள்.

"அப்ப இந்த முப்பத்திரண்டும் பொய்."

"பொய்தான். போடலேன்னா வீடு போயிடும்."

"வீடு போயிடும்," என்று எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தாள். முதல் தேதியைக் காலண்டரில் தேடினாள்.

"மார்ச் ஒன்பது. வெந்நீர் பாய்லர் செத்துப்போன வாரம். மூணு நாள் கேடியை பக்கத்து வீட்டுல குளிக்க அனுப்பினேன். ஆனா நீ இங்கதான் இருந்தே. நீயே ரிப்பேர் பண்ணிட்டே. எவ்வளவு சமத்துப் புருஷன்." கையெழுத்துப் போட்டாள்.

"நெரிஸ், வேணாம்..."

"இரு. ஏப்ரல் பதிமூணு. கேடியோட பள்ளிக்கூட நாடகம். முன்வரிசையில உக்காந்து கை தட்டினே. அவ ஆந்தை வேஷம் போட்டா. உனக்கு ஞாபகம் இருக்கணுமே, இருந்தேல்ல?" கையெழுத்து.

அப்படியே இறங்கினாள். கூரை ஒழுகிய வாரம் நான் ஏணியில் நின்றேன். அவள் தம்பி கல்யாணத்தில் அவளோடு ஆடினேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் பிடுங்கித் தின்றது. அத்தனையும் நான் வாழ்ந்திருக்க வேண்டிய வாரங்கள். அவள் ஒவ்வொன்றாக எனக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் அவளே லேசாகச் சிரித்தாள். தப்பித்தோம் என்று நினைத்துத் தேநீர் போட எழுந்தேன்.

கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது பேனாச் சத்தம் நின்றது.

"நவம்பர் பதினாறும் இதுல இருக்கே."

நான் குழாயை மூடினேன்.

"எம்ரிஸ். நவம்பர் பதினாறாம் தேதி உன் பேர்ல டிக்கெட் இருந்துச்சா?"

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நெரிஸ் எனக்குப் போன் செய்தாள். பதினாலு வாரக் கர்ப்பம், காலையிலிருந்து ரத்தம் போகிறது, உடனே வா என்றாள். ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுனின் கடைசி வாரக் கடைசி. மூன்று நாள் கூலி இரண்டு வாரச் சம்பளத்துக்குச் சமம். டாக்டர் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார் என்று அவளே சொன்னாளே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முந்தின நாள் புயல், அதனால் படகு நிறைந்துவிட்டது, டிக்கெட்டே இல்லை என்று அவளிடம் சொன்னேன். சனிக்கிழமை விடியற்காலை குழந்தை போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெண்தான் ஆஸ்பத்திரிக்குக் காரோட்டினாள். நான் அடுத்த வாரம் பூங்கொத்தோடு வந்தேன்.

"சொல்லு. இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"படகு நிறைஞ்சு போச்சுன்னு சொன்னே."

"நெரிஸ்..."

"நிறைஞ்சு போன படகுல உன் பேர் போட்ட இடம் காலியாப் போச்சா?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். வீட்டுக் கடனுக்காகத்தான், உனக்காகவும் கேடிக்காகவும்தான் என்று சொல்ல வந்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. என்னை எனக்கே பிடிக்கவில்லை. அந்த மூன்று நாள் கூலியில் என்ன வாங்கினேன் என்றுகூட நினைவில்லை.

அவள் அழவில்லை. கேடியின் பென்சில் பெட்டியிலிருந்து அடிக்கோலை எடுத்து, அந்தத் தேதியின் மேல் வைத்து, நேராக ஒரு கோடு அடித்தாள். பக்கத்தில் தெளிவான எழுத்தில் 'இந்த வாரம் இவர் வரவில்லை' என்று எழுதினாள்.

"என்னடி பண்றே! அது ஒண்ணை அடிச்சா மிச்சத்தை எவன் நம்புவான்? எல்லாமே போயிடும்!"

"போகட்டும்."

"கேடியைக் கூட்டிட்டு எங்க போவோம்?"

"தெரியல. உனக்காக எத்தனை பொய் வேணும்னாலும் எழுதறேன், இந்தா எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா அன்னிக்கு நீ என் பக்கத்துல இருந்தேன்னு எழுத என் கை வராது. நீயே எழுதிப் பாரு, உனக்கு வருதான்னு."

பேனாவை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. மிச்சமிருந்த தேதிகளுக்குக் காலண்டரைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு முடித்தாள்.

அந்தத் தாள்களை அப்படியே அனுப்பினேன். ஏழு வாரம் பதில் இல்லை. ஒப்பந்தம் முடிந்து வீட்டோடு இருந்த நான் கீழே சோஃபாவில் படுத்தேன். முதுகுவலி என்று கேடியிடம் சொல்லி வைத்தோம். வீட்டை விற்றால் என்ன வரும் என்று ஒரு தரகனையும் கூட்டி வந்து காட்டினேன். அவன் ஒவ்வொரு அறையாக அளந்தான், நெரிஸ் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

எட்டாவது வாரம் நீல உறை வந்தது. திருமதி ஹெஸ்ஸலிங்க் கையெழுத்துப் போட்டிருந்தார். மனைவியின் வாக்குமூலம் நம்பத்தக்கது. தன் குடும்பத்துக்குப் பாதகமான ஒரு தேதியை அவரே மறுத்திருப்பதால், மற்ற முப்பத்தோரு தேதிகளையும் சந்தேகிக்கக் காரணமில்லை. முப்பத்தாறாயிரம் ரத்து. சம்பளக் கம்பெனிக்கும் நகல் போயிருந்தது. மறுநாளே அந்த ஆள் மறுபடி 'எம்ரிஸ்' என்று கூப்பிட்டு, நிறுத்தி வைத்த சம்பளத்தை அனுப்புவதாகச் சொன்னான். வராத அந்த ஒரு வாரக் கடைசியின் படிக்கு மட்டும் வரி உண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு யூரோ.

கெத்தின் போனில் கத்தினான். "ஒரு ராத்திரி பீர் காசுடா மாப்ள! ஜெயிச்சுட்டே! உன் பொண்டாட்டி மூளையே மூளை, வேணும்னே ஒண்ணை அடிச்சிருக்கா பாரு!"

போனை வைத்துவிட்டுக் கடிதத்தை நெரிஸிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள். கடைசியில் இருந்த தொகையின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ராத்திரிக்கு இவ்வளவுதானா?" என்றாள்.