மார்கழிக் கெளுத்திகள்

தீபாவளி முடிந்து ஆட்கள் மறுபடி வேலைக்குத் திரும்பிய வாரத்தில் நாகரத்தினம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்போடு ஆயுசில் பாதியைக் கழித்த மனுஷன். ஓய்வு பெற்ற பிறகும் காய்ச்சல், தலைவலி என்று ஒருநாள் படுத்ததில்லை. மலைமேலிருந்த தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஈப்போவுக்கு அனுப்பினார்கள். ஈப்போவில், இரத்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன, பினாங்குக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்றார்கள்.

ஆம்புலன்சில் ஏற்றும்போது, தம்பி மனைவி சாந்தினியை அவர் கைகாட்டிக் கூப்பிட்டார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"மீனப் பாத்துக்கம்மா. காலையில ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. அதுக்கு மேல போடாத."

"நான் பாத்துக்கிறேன் மாமா. நீங்க பேசாதீங்க."

அவள் கணவன் புனிதனும் அண்ணனோடு வண்டியில் ஏறிக்கொண்டான். வண்டி தேயிலைச் சரிவைச் சுற்றிக்கொண்டு இறங்கி மறைந்தது.

மீன் என்றால் வீட்டுக்குப் பின்னால் இருந்த தொட்டி மீன். மனைவி இறந்த பிறகு நாகரத்தினம் இரும்பு வலையை வட்டமாக நிறுத்தி, உள்ளே தடித்த கன்வஸ் விரித்து, மலைத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து நிரப்பினார். மலையடிவாரத்து ஊரான தாப்பாவிலிருந்து கெலிக் குஞ்சுகளை வாங்கிவந்து விட்டார். கெலி என்று மலாய்க்காரர்கள் சொல்லும் கெளுத்திதான். கறுத்த உடம்பு, மீசை, வழவழப்பு. சாந்தினிக்கு ஆரம்பத்தில் அதைப் பார்த்தாலே உடம்பு கூசும். ஆனால் தீனி போடும்போது ஒருமுறை வேடிக்கை பார்த்துவிட்டாள். அதன்பிறகு தினமும் வந்து நின்றாள். ஒரு பிடி உருண்டைத் தீனியை வீசினால் தொட்டி முழுதும் கொதிக்கிற மாதிரி இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வாயைப் பிளந்து, வாலால் தண்ணீரை வாரி இறைத்துவிடும். மாமா நனைந்துபோன சட்டையோடு நின்று சிரிப்பார். மனைவி போன பிறகு அவர் சிரித்தது அந்தத் தொட்டியோரத்தில்தான்.

அறுவைக்கு நாள் கிடைக்கத் தாமதமானது. மாமாவை வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். போனில் பேசினால் அவருக்கு மூச்சு வாங்கியதால் புனிதன்தான் தினமும் சாயங்காலம் கூப்பிடுவான்.

"மீன் எப்படி இருக்குன்னு கேக்குறாரு."

"நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

அந்த நாட்களில் அது பொய்யில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மார்கழியில் மலைமேல் எப்போதும் குளிர்தான் என்றாலும், அந்த வருடம் வெயில் எட்டியே பார்க்கவில்லை. தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு எதிரே இருக்கும் தேயிலைக் குன்று பகலிலும் பனிமூட்டத்துக்குள் போய்விட்டது. துவைத்த துணி வாரக்கணக்கில் காயவில்லை. ஒரு நாள் காலையில் சாந்தினி ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய்த் தீனியை வீசினாள். தண்ணீர் அசையவில்லை. உருண்டைகள் அப்படியே மிதந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். ஒரு மீன்கூட மேலே வரவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தபோது காலையில் போட்டது ஊறிப் பருத்து, பாதி அடியில் இறங்கியிருந்தது. அதன்மேலேயே சாயங்காலப் பிடியையும் போட்டாள். மாமா சொன்னது சொன்னதுதானே.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும்.

பக்கத்து வீட்டு முனியாண்டி திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். சந்தைக்குப் போகிறவர் என்பதால் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை என்பது லயத்தில் பொதுவான நம்பிக்கை. அவர் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கெலி எதத்தான் திங்காது தங்கச்சி? சாக்கடையில விட்டாலும் வளரும் ஜாதி. அது வாயத் திறக்கலன்னா நோவுதான். கீழ கிடக்குது பாரு, அசையவே இல்ல."

தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் சாந்தினிக்குப் பக்கத்தில் உட்காரும் வடிவம்மாள் வேறு மாதிரிச் சொன்னாள்.

"நோவெல்லாம் இல்லடி. பனி பெய்யிற நாட்டுல குளமே ஐஸா உறைஞ்சிருமாம். மீனுங்க அடியில போய்ப் படுத்துத் தூங்குமாம். குளிர் போனாத்தான் முழிக்குமாம். போன்ல பாத்தேன்."

"இங்க எங்கக்கா ஐஸு?"

"ஐஸு இல்லன்னா என்ன? குளிருது இல்ல? உனக்கும் எனக்குமே போர்வைய விட்டு எழுந்திரிக்க மனசு வர்றதில்ல."

"சரிக்கா. தூங்குதா, சாகப் போகுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

வடிவம்மாளுக்கு அது தெரியவில்லை. போனில் அவ்வளவு தூரம் சொல்லவில்லை போலிருக்கிறது.

சாந்தினி தீனியை மாற்றிப் பார்த்தாள். கம்போங் ராஜா சந்தையில் கோழி ஈரல் வாங்கிவந்து பொடியாக நறுக்கிப் போட்டாள். அவித்த முட்டையை உதிர்த்துப் போட்டாள். எதையும் தொடவில்லை. தொட்டியில் ஒரு வாடை கிளம்பியது. தண்ணீர் கலங்கி, ஓரத்தில் நுரை கட்டியது. ஒரு காலையில் ஒரு மீன் வெள்ளை வயிறு தெரிய மிதந்தது. அவள் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் வாழைக்கடியில் புதைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

மீன் செத்தால் மீன் செத்தது, அவ்வளவுதான் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தாள். மனது கேட்கவில்லை. மாமா படுத்துக் கிடக்கும் நேரத்தில் மாமாவின் மீன்கள் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம்.

அன்று சாயங்காலம் புனிதன் கூப்பிட்டான்.

"நாளைக்கு ஆபரேஷன். பயப்படுற மாதிரி எதையும் அவர்கிட்டச் சொல்லாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மீன் எப்படின்னு மறுபடியும் கேக்குறாரு."

சாந்தினி தொட்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"நல்லா இருக்குன்னு சொல்லுங்க. நல்லா சாப்பிடுதுன்னு சொல்லுங்க."

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. சாமி படத்துக்கு முன் விளக்கேற்றிவிட்டு, சமைக்கவும் தோன்றாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். மதியம் தாண்டிப் போன் அடித்தது. ஆபரேஷன் நல்லபடி முடிந்துவிட்டது, ஐசியூவில் வைத்திருக்கிறார்கள் என்றான் புனிதன். அவன் குரல் உடைந்திருந்தது. சாந்தினி விளக்குக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அந்த நிம்மதி ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அடுத்த நாள் கூப்பிட்ட புனிதன் சுற்றி வளைத்துப் பேசினான்.

"முழிச்சிட்டாரு. தொண்டையில ட்யூப் இருக்கு, பேச முடியாது. ஆனா…"

"ஆனா என்னங்க?"

"கைய வாய்கிட்டக் கொண்டுபோறாரு. சாப்பாட்ட எடுத்து வைக்கிற மாதிரி. அப்புறம் வேணாம், வேணாம்னு கைய ஆட்டுறாரு. திரும்பத் திரும்ப அதையேதான் பண்றாரு. சாப்பாடு ட்யூப்லதான் போகுது, நீங்க கவலப்படாதீங்கன்னு நர்ஸ் மிஸி சொல்றாங்க. கேட்கவே மாட்டேங்கிறாரு. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு சாந்தினி."

இருவருக்கும் ஒரே ஞாபகம்தான் வந்தது. மனைவி இறந்தபோது மாமா அப்படித்தான் இருந்தார். தட்டை நீட்டினால் கையை ஆட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். மெலிந்து, கன்னம் ஒட்டி, இன்னொரு சாவும் விழப்போகிறது என்று லயமே பேசிக்கொண்டது. அந்த நாட்கள் திரும்பி வந்துவிட்டனவா?

போனை வைத்துவிட்டு சாந்தினி நேராகத் தொட்டிக்குப் போனாள். வாடை மூக்கைத் துளைத்தது. மாமாவுக்கு அவளால் இங்கிருந்து எதுவும் செய்ய முடியாது. இதையாவது செய்யலாம். அவளுக்குக் கோபம்கூட வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாமா தண்ணீர் இறக்கும் குழாயை எடுத்து ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு மறுமுனையைப் பள்ளத்தில் இழுத்துப் போட்டாள். அழுகிய தீனியும் ஈரலும் கறுப்புக் குழம்பாக ஓடின. தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியதும் நிறுத்தினாள்.

மீன்கள் எல்லாம் ஒரு ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. விறகு அடுக்கி வைத்தது போல. அவள் கையை உள்ளே விட்டாள். தண்ணீர் எலும்பு வரை கடித்தது. பயந்துகொண்டே ஒன்றின் முதுகைத் தொட்டாள்.

அது மெதுவாக வாலை அசைத்தது. பிறகு அவள் விரலை உதறித் தள்ளிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து மறுபடி படுத்துக்கொண்டது. அந்த உதறலில் பலம் இருந்தது. இன்னொன்றைத் தொட்டாள். அதுவும் நகர்ந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எதன் மேலும் புண் இல்லை, புள்ளி இல்லை. அடியில் இருந்த ஒன்று சோம்பலாக மேலே வந்து, ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு, அவளை லட்சியமே செய்யாமல் கீழே போனது.

"அடப்பாவிகளா" என்றாள் சாந்தினி. அழுகையும் வந்தது.

புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்தபோது போன் மறுபடி அடித்தது. வீடியோ கால். திரையில் புனிதனின் முகம் தெரிந்தது.

"ட்யூப எடுத்துட்டாங்க. உன்கிட்டப் பேசியே ஆகணும்னு சண்ட போடுறாரு. மிஸி கொஞ்ச நேரம்தான் விட்டிருக்காங்க. இந்தா."

போன் ஆடி, ஒரு கூரையைக் காட்டி, பிறகு மாமாவின் முகத்தில் நின்றது. தாடி நரைத்துக் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. ஆனால் கண்ணில் பழைய அதட்டல் இருந்தது. குரல் கரகரவென்று, காற்றும் சொல்லுமாக வந்தது.

"மீனுக்கு… தீனி… போடாத."

சாந்தினிக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

"என்ன மாமா?"

"குளிருதுல்ல அங்க? குளிர்ல… அது திங்காது. போட்டா அழுகிப் போயிடும். தண்ணி கெட்டுச் செத்துப்போகும்." மூச்சு வாங்கினார். "முழிச்சதுலேருந்து கைய ஆட்டிச் சொல்றேன். ஒருத்தனுக்கும் புரியல."

பக்கத்தில் புனிதன், "அடக் கடவுளே, அதத்தான் காட்டுனீங்களா?" என்பது கேட்டது.

"பின்ன எதக் காட்டுனேன்?"

புனிதன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பை அடக்க முடியாமல் எங்கோ தள்ளிப் போய்விட்டான். சாந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை, கண் நிறைந்துவிட்டது. மாமா சாப்பாட்டை வெறுக்கவில்லை. உயிரை வெறுக்கவில்லை. மயக்கம் தெளிந்ததும் கவலைப்பட ஆரம்பித்திருக்கிறார், அவ்வளவுதான்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல மாமா."

"பினாங்கு வெக்கையில எனக்கு ஞாபகமே வரல. இங்க ஏர்கோன்ல விறைச்சுப்போய் முழிச்சனா… உடனே தொட்டிதான் கண்ணுல நின்னுச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். "நல்லா சாப்பிடுதுன்னு சொன்னியாமே?"

"பொய் சொன்னேன் மாமா. உங்களுக்குக் கவல வேணாம்னு சொன்னேன். தீனியும் போட்டேன், ஈரலும் போட்டேன். ஒண்ணு செத்துப்போச்சு."

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். இப்பத்தான் தண்ணி மாத்துனேன். மத்தது எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டேன். நல்லா இருக்கு. அசைய மாட்டேங்குது, அவ்வளவுதான். தூங்குதா மாமா அது?"

"தூங்காது. சும்மா கிடக்கும்." இந்தக் கேள்வியில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது. "ரெண்டு நாள் சேர்ந்தாப்புல வெயில் அடிச்சா லேசா வாயத் திறக்கும். அப்பவும் மத்தியானத்துல ஒரு சிட்டிகதான். மத்தபடி விட்டுடு. கிடக்கட்டும்லா."

ஒரு பெண் குரல் மலாயில் போதும் என்றது. திரை இருண்டது.

சாந்தினி தொட்டியின் இரும்பு வலையைப் பிடித்துக்கொண்டு புதுத் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தாள். இத்தனை நாளாக அவள் மனதில் சுமந்தது எல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. குளிர், அவ்வளவுதான். உடம்பு இலேசாகிவிட்டது, கூடவே பயங்கரப் பசியும் எடுத்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே போய் ரசத்தைச் சூடாக்கி, ரெண்டு அப்பளம் பொரித்து, அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நாகரத்தினம் பொங்கல் கழிந்து வீடு வந்து சேர்ந்தார். கைத்தாங்கலாகத்தான் இறங்கினார். உப்பில்லாத ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பற்றி வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வந்ததாகப் புனிதன் சொன்னான். முனியாண்டி லோரியைக் கழுவுவதை விட்டுவிட்டு ஓடி வந்து அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமாவை முதலில் கட்டிலில் படுக்க வைத்தார்கள். தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்பார் என சாந்தினி எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

"நீ தொட்டுப் பாத்தேன்னு சொன்னியே, அது போதும்" என்றார். "நாளைக்குப் பாத்துக்கலாம்."

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தார். அவள் கதவைச் சாத்துவதற்குள் குறட்டை கேட்டது.