தூங்குது, எழுப்பாத

பவானேஸ்வரி பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. குருபோங் தொழிற்சாலையில் ஓவர்டைமைத் தட்டிக்கழிக்கவும், நாத்தனார் வீட்டு விசேஷத்திலிருந்து சீக்கிரம் நழுவவும் வேண்டிய அளவுக்குச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்களெல்லாம் பொய்யாகவே இருந்து பொய்யாகவே மறந்துபோயின. ஒன்றே ஒன்றுதான் உண்மையாகித் தொலைத்தது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மகள் தனுஷாலினியைப் பள்ளிக்கு எழுப்பப் போனவள் அறை மூலையில் இருந்த கூண்டைப் பார்த்தாள். கச்சான் மரத்தூளில் சுருண்டு கிடந்தது. கச்சான் தனுவின் ஹாம்ஸ்டர். வறுத்த கடலை நிறத்தில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் என்பதால் அந்த ஒன்பது வயதுக்காரி வைத்த பெயர் அது. மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் சக்கரத்தில் ஏறிக் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். பவானி கூண்டுக்குள் விரலை விட்டுத் தொட்டாள். விறைத்துச் சில்லென்று இருந்தது.

காலங்காத்தாலே பிள்ளை அழுதால் பள்ளிக்கூடம் போன மாதிரிதான். துண்டை எடுத்துக் கூண்டின்மேல் போட்டாள்.

"கச்சான் ஏம்மா சத்தமே காட்டல?" காலுறையை மாட்டிக்கொண்டே கேட்டாள் தனு.

"தூங்குது, எழுப்பாத. வேன் வந்துரும், கெளம்பு."

தனு குனிந்து துண்டுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "பாய் கச்சான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கச்சான் முன்பு இருந்தது வரவேற்பறையில். பன்னிரண்டு நாளைக்கு முன்தான் அறைக்கு மாற்றினார்கள். போன வருடம் தனுவுக்கு டெங்கி கண்டு, ரத்த எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்கி, டாக்டர் முகம் கொடுத்துப் பேசாமல் நின்றபோது, அவளுடைய அப்பா காளிதாஸ் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து முருகனிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் மூன்று வருடம் மாசிமகத்துக்குச் சன்னாசிமலையில் காவடி எடுப்பதாக. பிள்ளை பிழைத்தாள். இப்போது அவர் மஞ்சள் வேட்டியில், சாமி மேடைக்கு முன்னால் பாய் போட்டுப் படுத்து, இருபத்தொரு நாள் விரதம் இருக்கிறார். அந்த இடத்தில் எலி நாற்றம் ஆகாது என்று காளிதாசின் அக்கா சுசீலா சுங்கை ரம்பாயிலிருந்து போனிலேயே உத்தரவு போட்டாள். கூண்டு தனுவின் அறைக்குப் போனது. புக்கிட் காத்தில் ஊர் வெக்கைக்கு அந்த ஓர் அறையில்தான் ஏர்கான். ராத்திரி முழுக்க ஓடும்.

வேன் போனதும் பவானி விஷயத்தைச் சொன்னாள். காளிதாஸ் அறை வாசல் வரை வந்தார், உள்ளே கால் வைக்கவில்லை.

"அக்காவ ஒரு வார்த்த கேட்டுருவோம்" என்றார்.

இந்த வீட்டில் பல்விளக்குவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அக்காவை ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும்.

"செத்தத வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டா போன் பண்றீங்க?" ஸ்பீக்கரில் சுசீலாவின் குரல் வீட்டையே நிறைத்தது. "காவடிக்கு இன்னும் ஒம்போது நாளுதான் இருக்கு. தீட்டு பட்டா வெரதம் என்னாவறது? தம்பி, நீ அந்தப் பக்கமே போவாத. பவானி, நீ அத வெளிய போட்டுட்டு தலையோட குளிச்சிரு. வீடு பூரா மஞ்சத்தண்ணி தெளி."

"பின்னால கருவேப்பில மரத்தடியில பொதச்சிரட்டுமா அண்ணி? புள்ள கேப்பா."

"வீட்டு எல்லைக்குள்ள வேணாம். இன்னிக்கி சம்பா லோரி வராதா?"

வந்தது. பேசி முடிப்பதற்குள் தெருமுனையில் குப்பை லாரியின் உறுமல் கேட்டது. எல்லாவற்றுக்கும் தாமதமாக வரும் அந்த லாரி அன்றைக்கு மட்டும் நேரத்துக்கு வந்தது.

பவானி பசாரில் மீன் வாங்கிய சிவப்புப் பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தாள். கச்சானை அதில் போட்டு ஓட்டமாக வாசலுக்கு வந்தாள். முடிச்சுப் போடும்போது உள்ளங்கையில் என்னவோ அசைந்தது. கொஞ்சம்தான், கண் துடிப்பது போல. தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. லாரிக்காரன் கையை நீட்டினான், கொடுத்துவிட்டாள். இரும்புத் தட்டு இறங்கி எல்லாவற்றையும் உள்ளே அழுத்தியது. அவள் திரும்பிப் பார்க்காமல் போய்த் தலையோடு குளித்தாள்.

பிறகு கருவேப்பிலை மரத்தடியில் மண்ணைக் கொஞ்சம் கிளறி, ஒரு கல்லை வைத்து, இரண்டு செம்பருத்தியையும் வைத்தாள். பிள்ளைக்கு ஒரு இடம் காட்ட வேண்டுமே.

பள்ளி விட்டு வந்து விஷயத்தைக் கேட்ட தனு கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். "காலையில தூங்குதுன்னு சொன்னீங்களே" என்று மட்டும்தான் கேட்டாள். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காளிதாஸ் பக்கத்தில் உட்கார்த்தி, மாசிமகத்தன்று நீயும் பால்குடம் எடுக்கணும் கண்ணு, உனக்காகத்தானே அப்பா காவடி எடுக்கிறேன் என்றார்.

"நான் எடுக்க மாட்டேன்" என்றாள் தனு. "கச்சான முருகன் பாத்துக்கலல்ல."

காளிதாசின் முகம் வற்றிப்போனது. கோபித்திருந்தால்கூடத் தேவலாம். யாருக்காக மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாரோ அவளே இப்படிச் சொன்னால் அந்த மனுஷன் யாருக்காக வேல் குத்திக்கொள்வது? பவானிக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. ஒரு செத்த எலியைத் தொடப் பயந்தவர்தானே.

வெள்ளிக்கிழமை கோயிலில் காவடிச் சீட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனபோது குருக்களிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். விரத வீட்டில் பிள்ளை வளர்த்த எலி செத்தால் தீட்டு எத்தனை நாள்?

குருக்கள் சிரித்துவிட்டார். "எலிக்கு ஏதும்மா தீட்டு? முருகனோட அண்ணனே அதும்மேலதான உக்காந்திருக்காரு."

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். பவானியும் சிரித்து வைத்தாள். பெயரைத் தப்பாக எழுதிக் கொடுத்து, அடித்து மறுபடி எழுதினாள்.

சனிக்கிழமை காளிதாஸ் இருவரையும் டவுனில் இருக்கும் செல்லப்பிராணிக் கடைக்கு அழைத்துப் போனார். வேறொன்று வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. கடையில் இருந்த சீனப்பெண் தனுவிடம் மலாயில் அன்பாகப் பேச்சுக் கொடுத்தாள். பழையது எப்படிச் செத்தது என்று கேட்டாள். அம்மாவிடம் கேட்டு வைத்திருந்ததைத் தனு சொன்னாள். குளிர்ந்து, விறைத்து, சுருண்டு.

"ஏர்கான் ரூமா?" அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினாள். "அது மாத்தி இல்ல, தீடோர்."

சாகவில்லை, தூக்கம் என்று அவள் விளக்கினாள். குளிர் அதிகமானால் இவை செத்த மாதிரி விறைத்துக் கிடக்கும். மூச்சுக்கூடத் தெரியாது. கைக்குள் பொத்திச் சூடு காட்டினால் அரைமணி நேரத்தில் எழுந்துவிடும். நிறையப் பேர் தெரியாமல் புதைத்துவிடுகிறார்கள் என்று சொல்லி உதட்டைப் பிதுக்கினாள்.

காளிதாஸ் மீன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தனு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருக்கும் என்று பவானி பயந்தாள். இல்லை.

"நீங்க சரியாத்தாம்மா சொன்னீங்க. தூங்குதுன்னு."

தனுவின் அறையில் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு உண்மை பேசப்பட்டது. அதைப் பொய் என்று நினைத்துக்கொண்டு பவானியே பேசியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கார் நிற்பதற்குள் தனு இறங்கி ஓடினாள். அடுப்படியிலிருந்து சோற்றுக் கரண்டியை எடுத்துக்கொண்டு கருவேப்பிலை மரத்தடிக்குப் போய்க் கல்லைப் புரட்டினாள். தோண்ட ஆரம்பித்தாள்.

"தனு, வேணாம்லா. நாலு நாளாச்சி."

"உள்ள தூங்கிக்கிட்டு இருக்கும்மா. மூச்சு முட்டும்."

பவானி காளிதாசைப் பார்த்தாள். அவர் அடுப்படி வாசலிலேயே நின்று, தன் மஞ்சள் வேட்டியைப் பார்த்தார். சொல்லிவிட வேண்டியதுதான். அங்கே ஒன்றும் இல்லை, நான் லாரியில் போட்டேன், பை அசைந்தது என்று சொல்லிவிட வேண்டும். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளை நகக்கண்ணெல்லாம் மண்ணாக முழங்கை ஆழத்துக்குத் தோண்டிவிட்டாள். வேர்தான் வந்தது. தனு நிறுத்தினாள். குழிக்குள் குனிந்து பார்த்தாள், பக்கவாட்டில் கையை விட்டுத் துழாவினாள்.

"அம்மா, இங்க இல்ல."

பவானி வாயைத் திறந்தாள்.

"முழிச்சிருச்சிம்மா" என்றாள் தனு. முகமெல்லாம் மண்ணும் கண்ணீருமாகச் சிரித்தாள். "தானா முழிச்சி, தோண்டி வெளிய போயிருச்சி. ஹாம்ஸ்டர் நல்லாத் தோண்டும். யூடியூப்ல பாத்திருக்கேன்."

சொல்ல வந்தது அத்தனையும் பவானிக்குள் திரும்பி இறங்கியது. பொய் சொல்லக்கூட இல்லை அவள். "ம்" என்றாள், அவ்வளவுதான்.

காளிதாஸ் பெருமூச்சு விட்டார். பிள்ளை கை கழுவ ஓடியதும் பவானியின் பக்கம் வந்து தணிந்த குரலில், "பாத்தியா? எல்லாம் அவன் செயல்" என்றார். அன்று முழுக்க அவள் அவரிடம் பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் பேசவில்லை.

தனு சாப்பிட்டாள். சூரியகாந்தி விதைகளைத் தினமும் குழியோரத்தில் வைத்தாள். காலையில் அவை காணாமல் போயிருக்கும். காக்காயோ அணிலோ, யார் கண்டது. வந்துட்டுப் போயிருக்கும்மா என்பாள். பால்குடமும் எடுக்கிறேன் என்று தானாகவே வந்து சொன்னாள். அதைக் கேட்டு சுசீலா போனிலேயே அழுதாள்.

மாசிமகத்தன்று சன்னாசிமலையில் கால் வைக்க இடமில்லை. காளிதாஸ் காவடியோடு முன்னால் போனார். தனு மஞ்சள் பாவாடையில், வெறுங்காலோடு, குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்தாள். தார் சுட்டது, முனகவில்லை. பக்கத்தில் வந்த பெண்கள், என்னா வேண்டுதல் கண்ணு என்று கேட்டபோது சிரித்தாளே ஒழியச் சொல்லவில்லை.

பால் அபிஷேகம் முடிந்து கூட்டத்தில் ஒதுங்கி நின்றபோது அம்மாவின் கையை இழுத்தாள்.

"கச்சான எழுப்பி விட்டதுக்கு நான் முருகனுக்குத் தேங்ஸ் சொல்லிட்டேன். நீங்களும் சொல்லுங்கம்மா."

"மனசுல சொல்லிட்டேன்."

"இல்ல, வாயால சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்."

பவானி கையைக் குவித்தாள். சாமி முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டில் எரிந்த சூடத்தைப் பார்த்தாள்.

"எழுப்பி விட்டதுக்கு ரொம்ப நன்றி முருகா" என்று பிள்ளைக்குக் கேட்கும்படி சொன்னாள். குவித்த உள்ளங்கைக்குள் அது இன்னொரு தடவை அசைந்தது.