இருமல் இல்லீங்கய்யா

பொன்னுத்தங்கத்தின் வாய்க்கு விஸ்வநத்தம் ஊரே பயப்படும். ஆஸ்பத்திரியில்கூடப் புருஷன் கருப்பணனை அவள் பேச விட்டதில்லை. டாக்டர் கேட்பது அவரை, பதில் சொல்வது இவள்.

கருப்பணன் பட்டாசு கம்பெனியில் கந்தகம் சலிப்பவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம் அவருக்கு ரத்தத்தில் புற்று என்று மதுரை டாக்டர் கண்டுபிடித்தார். வயிற்றின் இடப்பக்கம் கல்லாக வீங்கி, மனிதர் பாதியாகிப் போயிருந்தார். டாக்டர் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை ரெண்டே மாதத்தில் வீக்கத்தை வற்ற வைத்தது. மறுபடி வேலைக்குப் போனார், கறிச்சோறு கேட்டார். தன் தாலி அந்த மாத்திரையில்தான் தொங்குகிறது என்று பொன்னுத்தங்கம் நம்பினாள்.

ரெண்டு வருஷம் கழித்து வறட்டு இருமல் வந்தது. கந்தகம் சலிக்கிற ஊரில் இருமலை யார் நோய் என்பார்கள்? அவளும் பனங்கற்கண்டு கொடுத்துப் பார்த்தாள். ஆனால் மதுரையில், "இருமல், மூச்சுத்திணறல் உண்டா?" என்று டாக்டர் கேட்டபோது அவளுக்கு வேறு கவலை வந்தது. காசநோய் என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிட்டால்?

"அதெல்லாம் இல்லீங்கய்யா," என்றாள்.

வெளியே வந்ததும் கருப்பணன் மெல்லக் கேட்டார். "ஏ தங்கம், படியேறவே இளைக்குது. சொல்லியிருக்கலாம்ல?"

"கம்பெனித் தூசிக்கு ஊரே இருமுது. நீங்க சும்மா இருங்க. மாத்திரைய நிப்பாட்டிட்டா நான் எங்கன போயி நிப்பேன்?"

ஒன்பது மாதம், போகும்போதெல்லாம் அதே கேள்வி, அவளிடம் அதே பதில். கம்பெனி வேலையை விடச் செய்தாள். இருமல் விடவில்லை. கடைசியில் செம்பைத் தூக்கக்கூட மூச்சில்லாமல், உதடு நீலம் பாரித்துப்போய், இனி மறைக்க முடியாது என்ற நிலையில் அவரை மதுரைக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது தூசியும் இல்ல, காசமும் இல்ல. சிலருக்கு இந்த மாத்திரையே நுரையீரலைத் தடிக்க வச்சிடுது. இப்பத்தான் வைத்தியப் பத்திரிகைல எழுதுறாங்க. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஆரம்பத்துலயே நிறுத்தியிருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். இருமல் எப்ப வந்தது?"

பொன்னுத்தங்கத்துக்கு அம்புட்டு வாயும் எங்கே போயிற்றோ.

கருப்பணன் முந்திக்கொண்டார். "போன வாரந்தான்யா. அவளக் கேக்காதீக. அவளுக்கு ஒண்ணுந் தெரியாது."

அந்தப் பொய்யை அவள் மறுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். மாரடித்து அழ வந்த பெண்கள், கம்பெனித் தூசிதான் மனுஷனைத் தின்றது என்று மண்ணை வாரித் தூற்றினார்கள். இல்லை, நான்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.